தழும்பில்லாத கை

கடவுள் துணை
ஜூன் 4

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

வந்திருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். தாய்க்காரி. அவளை இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட லாரிக்காரன். லாரிக்காரனின் அக்கா. அந்த அக்காவின் மகள், ஐந்து வயது இருக்கும். தாயின் இடுப்பில் சின்னவன், பத்து மாதம். குழி வெட்டுகிறவர்கள் இரண்டு பேர். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து எழுத்தர் ஒருவர், குடையுடன். நான். உன் மாமா. தெருக்காரர்கள் சன்னலில் நின்று பார்த்தார்கள், அவர்களைச் சேர்க்கவில்லை.

எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கும் நம் ஏன்குட்டி போய்விட்டாள். என்னிடம் எட்டு மாதம் வளர்ந்தாளே, மார்ச்சில் அலுவலகம் தாயிடமே திருப்பிக் கொடுத்ததே, அந்தப் பிள்ளைதான். பேதியும் காய்ச்சலும் என்று பக்கத்துத் தெரு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது துணி சுற்றியாகிவிட்டது. முகத்தைக் காட்டுங்கள் என்றேன். "பாத்து என்னம்மா பண்ணப் போறீங்க, நேரமாச்சு" என்றாள் லாரிக்காரனின் அக்கா. குழியில் இறக்கும்போது துணி விலகி வலது கை வெளியே வந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அந்தப் பழைய சுடுதண்ணீர்த் தழும்பு. அதை வைத்து அவள்தான் என்று தெரிந்துகொண்டேன். கை குச்சியாக இருந்தது.

அந்த அக்காவின் மகள், ஏன்குட்டிக்கு நான் தைத்த மஞ்சள் கவுனைப் போட்டிருந்தாள். அளவு சரியாகவே இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன், பிரார்த்தனையை முடித்தேன், அரிசி கழுவினேன். மாமா, "கொஞ்ச நேரம் உக்காரேன்" என்றார். "உக்காந்து என்ன பண்றது?" என்றேன்.

உன் வீட்டுக்காரருக்கு உடம்பு எப்படி இருக்கிறது? ரத்தம் சுத்தம் செய்யப் போய் வந்த அன்று சாப்பாடு இறங்குகிறதா? உங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். நீ அதே இலாகாவில் வேலை பார்க்கிறாய். இது எப்படி நடந்திருக்கும் என்று தெரிந்தால் எழுது.

அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் பார்த்ததிலிருந்து கை ஓடவில்லை. நீயும் மாமாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டினி கிடந்து பிரார்த்தனை செய்யாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. இவருக்கு வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி. போய் வந்த அன்று சுருண்டு படுக்கிறார். மற்ற நாளில் என்னைக் கிண்டல் செய்கிற அளவுக்குத் தெம்பு இருக்கிறது.

நீ கேட்டதை விசாரித்தேன். மே மாதம் வீடு பார்க்கப் போயிருக்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் நலம் என்றுதான் அறிக்கை இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்ததும் இல்லை. பெரியவளின் கை, கால், முதுகு எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். ஒரு கீறல் கிடையாது, ஒரு தழும்பு கிடையாது. எடையும் வயதுக்குச் சரி. அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தால் யார்தான் என்ன செய்ய முடியும்? அந்த வீட்டு வாசலில் செருப்பு விடக்கூட இடமில்லை, உள்ளே காற்று என்பதே கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் நோய் வர எத்தனை நேரமாகும்?

அவளை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை என்பதையாவது நினைத்து மனதைத் தேற்றிக்கொள்.

தங்கை


கடவுள் துணை
ஜூன் 15

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். மாமா லிஃப்ட் ரிப்பேர் செய்யப் போன இடத்தில் விரலை நசுக்கிக்கொண்டார், பெரிதாக ஒன்றுமில்லை.

ஒரு தழும்பு கிடையாது என்று எழுதியிருந்தாய். இரண்டு தடவை படித்தேன். பிறகு மாமாவிடம் கொடுத்தேன். அவரும் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

அந்தத் தழும்புக்காகத்தான் அவளை முதலில் அந்த வீட்டிலிருந்து எடுத்தார்கள். அதற்கு நான் தினமும் எண்ணெய் தடவினேன். தோல் இழுத்துக்கொண்டு கையை முழுக்க நீட்ட வராது அவளுக்கு. அது சாகும்வரை போகாத தழும்பு. போகவும் இல்லை, நான்தான் பார்த்தேனே. அப்படியானால் மே மாதம் வந்தவர் பார்த்தது யாருடைய கை?

அந்த வீட்டில் அதே உயரத்தில் இன்னொரு பெண் பிள்ளை வந்துபோகிறாள். என் மஞ்சள் கவுன் அவளுக்குச் சரியாக இருக்கிறது.

நேற்று அலுவலகத்துக்குப் போய் இதைச் சொன்னேன். ஒரே ஆள் ஒரே வீட்டுக்கு இரண்டாம் தடவை போகக் கூடாதாம். முன்பு யாரோ லஞ்சத்துக்குக் கைநீட்டி மாட்டிக்கொண்டதிலிருந்து அப்படி வைத்திருக்கிறார்கள். தாளில் பெயரும் வயதும் இருக்கும், போட்டோ இருக்காது. அவளை எடுத்தபோது எழுதிய பழைய தாளில் சுட்ட காயம் என்று மட்டும்தான் இருக்கிறதாம், அது ஆறி மறைந்திருக்கும் என்கிறார்கள். அதனால் அவள் முகம் தெரிந்தவர் என்று அங்கே ஒருவரும் இல்லை. குடை எழுத்தர் சொன்னார்: "அம்மா, எங்க ஆளு நேர்ல பாத்து எழுதின ரிப்போர்ட் இருக்கு. டாக்டர் சர்டிபிகேட் இருக்கு. நீங்க வாயால சொல்றீங்க. நாங்க எதை எடுத்துக்கறது?" போலீசுக்குப் போனேன். அலுவலகம் புகார் தந்தால் பார்ப்போம் என்றார்கள்.

போனவளுக்காக நான் இவ்வளவு பேசவில்லை. சின்னவன் இன்னும் அங்கே இருக்கிறான். அவனை எடுக்க வேண்டும் என்றால், மே மாதம் காட்டியது வேறு பிள்ளை என்று தெரிய வேண்டும். அது ஒன்றுதான் வழி. மே மாதம் போனது யார்?

வாசலில் செருப்பு விட இடமில்லை என்று எழுதியிருந்தாய். உண்மைதான். இடமில்லை.

அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது. சமையலறைக் குழாய் ஒழுகி வீடெல்லாம் தண்ணீர். ஆள் வந்து பார்த்துவிட்டு "பைப்பையே மாத்தணும்" என்றான். இவருக்குச் சிறுநீரகம் மாற்ற நவம்பரில் தேதி கிடைத்திருக்கிறது. இவருடைய தம்பி கொடுக்கிறான். செலவு முழுக்க என் இலாகா ஏற்கிறது. வேண்டிக்கொள்.

வீடு பார்க்கப் போனது யார் என்று வெளியாருக்குச் சொல்ல விதியில் இடமில்லை. தப்பாக நினைக்காதே. மாமாவின் விரல் ஆறிவிட்டதா?

தங்கை


கடவுள் துணை
ஜூலை 14

அன்புத் தங்கைக்கு,

விரல் ஆறிவிட்டது, நகம்தான் கறுத்திருக்கிறது. நவம்பர் என்று கேட்டதில் நிம்மதி. தம்பிக்காரன் நல்ல மனசுக்காரன். அவன் பெயரையும் சேர்த்துக்கொண்டேன்.

வெளியாள் என்று எழுதியிருந்தாய். சரி.

துணி அலமாரியை ஒழித்தேன். அவளுடைய சாமான் இவ்வளவுதான்: ஒரு ஜோடி சாக்ஸ், பல் உடைந்த சீப்பு, விளையாட்டு வாளியோடு வந்த பிளாஸ்டிக் கரண்டி. மாமா ஒரு நாள் அவளிடம், "இன்னிக்கு ஏன்னு கேக்காம இருந்தா பெரிய பலூன் வாங்கித் தருவேன்" என்று பந்தயம் கட்டினாரே, உனக்கு எழுதியிருந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்துவிட்டது. பிறகு, "ஏன் பலூன்?" என்றாள். மாமா பந்தயத்தில் ஜெயித்துவிட்டு பலூனும் வாங்கி வந்தார். சாமி கும்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து உட்காருவாள். "கண்ண மூடிட்டா அவரு நம்மளப் பாக்கறது நமக்கு எப்படித் தெரியும்?" என்பாள். பேசாமல் கும்பிடு என்றேன்.

விதியை மீறி ஒன்றும் சொல்ல வேண்டாம். மே மாதம் போனவரைப் பார்த்தால் ஒன்றே ஒன்று கேள். அந்தப் பிள்ளை அவரிடம் ஏன் என்று ஒரு தடவையாவது கேட்டாளா?

அக்கா


ஆகஸ்ட் 20

அக்கா,

நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும்.

கேட்கவில்லை.

உங்கள் பக்கத்தில் ஆள் பற்றாமல் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேரை ஒரு நாள் கேட்டார்கள். பட்டியலில் அந்த முகவரியைப் பார்த்ததும் நானே அந்த வீட்டைக் கேட்டு வாங்கினேன். நீ எட்டு மாதம் எழுதியவளை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஆசை. வளர்ப்பு வீட்டில் போட்டோ எடுக்கக் கூடாது என்பதால் நீ ஒரு படம்கூட அனுப்பவில்லை. வேறு யாராக இருந்தாலும் அனுப்பியிருப்பார்கள்.

முந்தின நாளே போன் செய்து சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், அதுதான் முறை. தாய் ஒரு பெண் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்தினாள். "இவதானா?" என்றேன். "இவதாங்க" என்றாள். மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். நல்ல தையல், நம் அக்கா தைத்தது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அக்கா, அந்தக் கவுனைப் பார்த்துத்தான் நான் நம்பினேன். வீட்டார் முன்னால் பிள்ளையைத் துருவிக் கேட்கக் கூடாது என்பதால் பெயர்கூடக் கேட்கவில்லை. எதுவும் பேசாமல் நின்றாள். புது ஆளைப் பார்த்துக் கூச்சம் என்று நினைத்தேன். முதலில் எதற்காக எடுத்தார்கள் என்ற பழைய தாள் எங்களிடம் தருவதில்லை. அதுவரை நீயும் தழும்பைப் பற்றி எனக்கு எழுதினதில்லை, அவள் சிரித்ததையும் பேசினதையும்தான் எழுதுவாய்.

உள் அறை சாத்தியிருந்தது. "நைட்டு வண்டி ஓட்டிட்டு வந்து அவரு தூங்கறாரு" என்றாள். தட்டவில்லை.

ஊர் வரை வந்துவிட்டு உன்னைப் பார்க்காமல் திரும்பினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வாரம் எழுதி ஆச்சரியப்படுத்தலாம் என்று இருந்தேன். இவருக்கு உடம்பு முடியாமல் போய், எழுதவில்லை. அப்புறம் உன் கடிதம் வந்தது. தழும்பு என்று நீ எழுதியதைப் படித்தும் நான் பார்த்த கைதான் கண்ணில் நின்றது, அதையே உனக்கு எழுதிவிட்டேன்.

தங்கை


கடவுள் துணை
ஆகஸ்ட் 24

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. உன் வீட்டுக்காரர் இந்த வாரம் எப்படி இருக்கிறார்?

நீ ஊருக்கு வந்து போனதை மாமாவிடம் சொல்லவில்லை. மே மாதம் அந்த நாளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். போர்வை துவைத்திருப்பேன், வெயில் நன்றாக இருந்தது.

எனக்கு உன் மேல் கோபம் இல்லை. கோபம் வருமா என்று காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. எதுவுமே வரவில்லை.

அலுவலகத்தில் மேலதிகாரி அம்மாவைப் பார்த்தேன். கெட்டவர் இல்லை. எனக்கு நாற்காலி போட்டார். "மே மாசம் அங்க போன அதிகாரியே, நான் பாத்தது வேற பிள்ளைன்னு எழுதிக் குடுத்தா அன்னிக்கே சின்னவனைத் தூக்கிட்டு வந்துடுவோம்மா. அது இல்லாம எனக்குக் கை கட்டிப் போட்ட மாதிரிதான்" என்றார். நான் உன்னைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

நீயே எழுதிக் கொடு. நான்கு வரி போதும். எங்கள் வீட்டை வளர்ப்பு வீடாகத் திரும்பவும் எடுத்துக்கொள்ளும்படி மனு கொடுத்துவிட்டேன். அவனை என்னிடமே தருவார்கள்.

அக்கா


செப்டம்பர் 2

அன்புள்ள அக்கா,

இவர் பரவாயில்லை, கால் வீக்கம்தான் வற்றவில்லை. நீ கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நான் எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே சஸ்பெண்ட். சஸ்பெண்ட் ஆனால் இலாகா செலவு ஏற்காது. நவம்பர் தேதி போனால் அடுத்த தேதி எப்போது என்று டாக்டரே சொல்லவில்லை. இவர் அதுவரை தாங்க மாட்டார். எனக்கு இவரை விட்டால் யார் இருக்கிறார்கள் சொல்.

ஆபரேஷன் முடியட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாளே எழுதிக் கொடுத்துவிடுகிறேன், சத்தியம். சின்னவன் லாரிக்காரனுக்குச் சொந்தப் பிள்ளை. ஏன்குட்டி முதல் கணவனுக்குப் பிறந்தவள், அதனால் கண்ணில் உறுத்தினாள். இவனை ஒன்றும் செய்ய மாட்டான்.

நவம்பர் வரை பொறுத்துக்கொள் அக்கா. உன் காலில் விழுகிறேன்.

தங்கை


கடவுள் துணை
செப்டம்பர் 6

அன்புத் தங்கைக்கு,

சரி. பொறுத்துக்கொள்கிறேன்.

கால் வீக்கத்துக்கு உப்பைக் குறை. தம்பிக்காரனையும் சளி பிடிக்காமல் இருக்கச் சொல், சளி இருந்தால் தேதியைத் தள்ளிவிடுவார்கள் என்று மாமா சொல்கிறார்.

அந்தத் தெரு வழியாகத்தான் இப்போது மாவு மில்லுக்குப் போகிறேன். சுற்றுவழி. கொடியில் சின்னவன் துணி காய்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். காய்ந்தால் இருக்கிறான் என்று அர்த்தம். இன்று இரண்டு காய்ந்தது.

அக்கா


கடவுள் துணை
அக்டோபர் 3

அன்புத் தங்கைக்கு,

உன் வீட்டுக்காரருக்கு உடம்பு தேறி வர வேண்டும் என்று இன்று காலையும் வேண்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதுகிறேன். முழுக்கப் படி.

காய்கறிக் கடையில் தாய்க்காரி நின்றிருந்தாள். இடுப்பில் சின்னவன். என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பினாள். அவளுக்குக் காசு எடுக்கக் கை வேண்டும், பையும் கனம், "கொடும்மா, ஒரு நிமிஷம் வச்சிருக்கேன்" என்று வாங்கிக்கொண்டேன். பதினான்கு மாதத்துப் பிள்ளை. என் காய்கறிப் பை அவனைவிடக் கனமாக இருந்தது. புது ஆள் தூக்கினால் பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பார்கள், அழுவார்கள், மூக்கைப் பிடிப்பார்கள். இவன் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கண்ணை மறைத்துத் தொப்பி இறங்கியிருந்தது. அதைத் தூக்கிவிடக் கையை உயர்த்தினேன். உடனே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உடம்பைக் கல்லாக்கிக்கொண்டான். அழவில்லை. விழப்போகும் அடிக்காகக் காத்துக்கொண்டிருந்தான். தொப்பிக்கு அடியில், காதுக்குப் பின்னால், மஞ்சளும் பச்சையுமாகக் கன்றியிருந்தது.

கடைக்காரர், "என்னம்மா புள்ள, சத்தமே காணோம்" என்றார்.

"சமத்துங்க. அழவே மாட்டான்" என்றாள் தாய்க்காரி.

அவளைப் பார்த்தேன். அவள் கழுத்திலும் அதே நிறம் இருந்தது. பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நான் கொடுத்துவிட்டேன். கொடுக்காமல் ஓடியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது, அப்போது தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து உன் ஆகஸ்ட் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போனேன். மாமாவிடம் கேட்கவில்லை. சாமியிடமும் கேட்கவில்லை.

மேலதிகாரி அம்மா படித்தார். "இது யாரு எழுதினது?"

"மே மாசம் அந்த வீட்டுக்குப் போனவங்க."

"அடியில பேரே இல்லையே. தங்கைன்னு இருக்கு. யாரோட தங்கை?"

நாம் ஒரு நாளும் பெயர் போட்டு எழுதிக்கொண்டதில்லை. நமக்குள் என்ன பெயர் என்று இருந்துவிட்டோம்.

"என் தங்கச்சி" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. எழுதிட்டா திரும்ப எடுக்க முடியாது."

"எழுதிக்கோங்க" என்றேன். உன் முழுப் பெயரையும் சொன்னேன். உன் பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ வருஷம் இருக்கும். எனக்கே யாரோ பெயர் மாதிரி கேட்டது.

காதுக்குப் பின்னால் பார்த்ததையும் சொன்னேன். விழுந்திருப்பான் என்று சொல்லிவிடுவார்கள், அதை வைத்து எடுக்க முடியாது என்றார். எடுக்கச் சொல்லி இப்போதே ஆள் அனுப்பி, அது விசாரணையில் நிற்காமல் போனால், லாரிக்காரன் வீட்டையே காலி செய்துகொண்டு போய்விடுவானாம், பிறகு தேடவும் முடியாதாம். அதனால் உன்னை முதலில் கூப்பிடுகிறார்கள். கடிதத்தை நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். பதினான்காம் தேதி அதை உன் முன்னால் வைப்பார்கள். இது நீங்கள் எழுதியதா என்று கேட்பார்கள். வேறொன்றும் கேட்க மாட்டார்களாம்.

ஆமாம் என்றால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரருக்கு என்ன ஆகும் என்றும் தெரியும். மாமாவிடம் இன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன். நீ ஆமாம் சொன்னால், வீட்டை விற்று ஆபரேஷனுக்குப் பார்க்கலாம் என்று மாமா சொல்கிறார். போதுமா தெரியவில்லை. இல்லை என்றால், நான் பொய்க்காரி ஆவேன், அது போகட்டும். சின்னவன் அங்கேயே இருப்பான்.

நீ எனக்கு வழக்கம்போல் மூன்று வாரம், நான்கு வாரம் கழித்து எழுதாதே. பதினான்காம் தேதிக்கு முன் வந்து சேருகிற மாதிரி எழுது. என்ன சொல்லப் போகிறாய் என்று மட்டும் எழுதினால் போதும். சீக்கிரம் பதில் போடு.

அக்கா